‘செட்டில்டு’ என்ற சொல்லுக்குப் பிறகு

2025 ஆடி மாதம். பேராவூரணிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தந்தையும் மகளும் பட்டுக்கோட்டைக்கு என்னைத் தேடி வந்தார்கள். மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கல்விக் கடனில் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய தந்தைக்குச் சிபில், அதாவது கடன் பதிவேட்டு மதிப்பெண், சரியில்லை என்று வங்கி விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டது. “யாருக்கும் ஒரு ரூபாய் பாக்கி இல்லை சார். முடித்த கடிதம் இருக்கிறது” என்று பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மகள் தலை நிமிரவே இல்லை.

வங்கிக் கடன் பிரிவில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது கடனில் சிக்கிய விவசாயிகளுக்கும் சிறு வணிகர்களுக்கும் ஆலோசனை சொல்கிறேன். அந்தக் கடிதத்தைப் போல எத்தனையோ கடிதங்களில் நானே கையெழுத்திட்டிருக்கிறேன். அதை வாங்கிக்கொண்டு போனவர்களிடம், இனிமேல் என்ன நடக்கும் என்று உட்கார வைத்துச் சொன்னது குறைவு. அன்று சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

அவருடைய கதை டெல்டாவில் பலருடைய கதை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த கஜா புயலில் தென்னந்தோப்பு சாய்ந்தது. தோப்பை நம்பி வாங்கிய டிராக்டர் கடன் நின்றுபோனது. புதிதாக வைத்த கன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். வங்கித் தவணைக்கு அந்தப் பொறுமை கிடையாது. வட்டி ஏறிக்கொண்டே போனது. 2024 தை மாதத்தில் ஒரு மா (சுமார் 33 சென்ட்) நிலத்தை விற்று, வங்கி சொன்ன குறைந்த தொகையைக் கட்டி, மீதி தள்ளுபடியாக, ஒரே தவணைத் தீர்வு, அதாவது ஓ.டி.எஸ்., போட்டு முடித்தார். முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினார். அவர் பக்கத்தில் முடிந்தது உண்மை. கடன் பதிவேட்டில் அப்படி முடியவில்லை.

அவருக்கு நான் மொய் நோட்டை வைத்துத்தான் விளக்கினேன். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கத்தில் ஆடியிலும் ஆவணியிலும் மொய் விருந்து நடக்கிறது. யார் எவ்வளவு செய்தார் என்று ஒவ்வொரு வீட்டிலும் நோட்டு இருக்கிறது. பத்தாயிரம் வாங்கிய ஒருவர், கஷ்ட காலத்தில் ஆறாயிரத்தை நீட்டி, “இதோடு விட்டுவிடுங்கள்” என்கிறார். கொடுத்தவரும் நிலைமை புரிந்து வாங்கிக்கொள்கிறார். சண்டை இல்லை, பாக்கி கேட்டு ஆள் வராது. ஆனால் நோட்டில் பத்துக்கு ஆறு என்றுதான் இருக்கும். அடுத்த விருந்துக்கு அவருக்கு எவ்வளவு செய்யலாம் என்று யோசிக்கும்போது அந்த வரியைப் பார்க்காமல் இருப்பார்களா? ‘செட்டில்டு’ என்பது அந்த வரி. முழுத் தொகையும் கட்டியவருக்கு ‘க்ளோஸ்டு’ என்று வரும். இரண்டிலும் பாக்கி இல்லை. ஆனால் அடுத்துக் கடன் கொடுப்பவர் இரண்டையும் ஒன்றாகப் படிப்பதில்லை.

எல்லாவற்றையும் சிபில் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் இந்தப் பதிவேட்டை வைத்திருப்பவை நான்கு நிறுவனங்கள்: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஒவ்வொன்றிடமிருந்தும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். மதிப்பெண் 300 முதல் 900 வரை. அந்த எண்ணைப் பார்த்துக் கலங்குவதை விட்டுவிட்டு, கீழே ஒவ்வொரு கடனுக்கும் எதிரில் என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படியுங்கள்.

அவருடைய அறிக்கையை எடுத்தோம். ‘செட்டில்டு’ என்றுகூட அதில் இல்லை! கடிதம் கொடுத்து ஒன்றரை ஆண்டு ஆகியும், பழைய கடன் முழுதாக நிலுவையில் நிற்பதாகவே இருந்தது. கடன் கொடுத்த இடத்தில் யாரோ தகவலை அனுப்பத் தவறியிருக்கிறார்கள். 2025 ஜனவரியிலிருந்து மாதம் இருமுறையாவது இந்தத் தகவலை அனுப்ப வேண்டும் என்பது அப்போது ரிசர்வ் வங்கியின் விதி. புகார் கொடுத்து 30 நாட்களுக்குள் பிழையைத் திருத்தாவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. தீர்வுக் கடிதத்தின் நகல், பணம் கட்டிய ரசீது இரண்டையும் இணைத்து, கிளைக்கும் சிபிலுக்கும் எழுத்தில் புகார் கொடுத்தோம். மூன்று வாரத்தில் பதிவு மாறியது. மாறாமல் இருந்திருந்தால், 30 நாள் கழித்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போயிருப்போம். 14448 என்ற எண்ணில் அதற்கு வழி கேட்கலாம், கட்டணம் இல்லை.

தீர்வுக் கடிதம் கைக்கு வந்த வாரத்திலேயே முடிக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. களைத்துப் போனவர்கள் இவற்றைத்தான் தள்ளிப்போடுகிறார்கள். பாக்கி இல்லை என்ற ‘நோ டியூ’ சான்றிதழைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். தீர்வுக்கு ஒப்புதல் தரும் கடிதம் வேறு, பணம் வந்துவிட்டது என்ற சான்று வேறு. கொடுத்து வைத்த காசோலைகளைத் திரும்ப வாங்குங்கள். சேமிப்புக் கணக்கில் மாதாமாதம் தானாகப் பிடிக்க எழுதிக் கொடுத்த ஒப்புதலை ரத்து செய்யுங்கள். நெல் போட்ட பணம் கொள்முதல் நிலையத்திலிருந்து கணக்கில் ஏறுகிற நாளில், முடிந்துபோன கடனுக்காக ஒரு தவணை பிடிபட்டால் அதைத் திரும்ப வாங்குவதற்குள் நடவே முடிந்துவிடும். டிராக்டர், வண்டி என்றால் ஆர்.சி.யில் இருக்கும் வங்கியின் பெயரை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நீக்க வேண்டும். வீட்டுக் கடன் போன்ற தனிநபர் கடனுக்கு நிலப் பத்திரம் அடமானத்தில் இருந்தால், கடன் அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரத்தைத் திருப்பித் தந்து, பதிவேடுகளில் உள்ள அடமானப் பதிவையும் நீக்கித் தர வேண்டியது கடன் கொடுத்தவரின் பொறுப்பு. தவறு அவர்கள் பக்கம் என்றால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய். பத்திரம் கைக்கு வந்ததோடு விட்டுவிடாமல், வில்லங்கச் சான்று போட்டு, அடமானம் நீங்கியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

அறிக்கை திருந்தியதும் அவர் கேட்டார்: “தள்ளுபடி செய்த தொகையையும் கட்டிவிட்டால் க்ளோஸ்டு என்று மாற்றுவார்களா?” மாற்றுவதுண்டு. கட்டுவதற்கு முன்பே, அப்படி மாற்றித் தருவோம் என்று எழுத்தில் வாங்க வேண்டும். கிரெடிட் கார்டில் பத்துப் பதினைந்தாயிரம் தள்ளுபடி வாங்கியவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். இவருக்கு வேண்டாம் என்றேன். தள்ளுபடி பெரிது, அதைக் கட்ட இன்னொரு மா விற்க வேண்டும், அல்லது வட்டிக்கு வாங்க வேண்டும். பதிவேட்டில் ஒரு சொல் மாறுவதற்காகச் சோறு போடுகிற நிலத்தை விற்பதை என்னால் ஏற்க முடியாது.

சரி, மகளின் படிப்பு? அவருடைய மனைவியின் அறிக்கையையும் எடுக்கச் சொன்னேன். “அவளுக்கு ஏது சார் சிபில்?” என்றார். இருந்தது. மகளிர் குழு வழியாகத் தம் பெயரில் எட்டு ஆண்டுகளாக வாங்கிய சிறு கடன்கள், ஒரு தவணைகூடத் தவறாமல் வரிசையாக நின்றன. புயலுக்குப் பிந்தைய மாதங்களிலும் தவறவில்லை. அந்த நாட்களில் தவணைக்காக அவர் காது தோட்டை அடகு வைத்திருந்தது கணவருக்கே அன்றுதான் தெரிந்தது. அம்மாவை உடன் கடன்தாரராகப் போட்டு வேறொரு வங்கியில் விண்ணப்பித்தோம். கடன் கிடைத்தது. எல்லா வங்கியிலும் இப்படி நடக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் ஒருவருடைய பெயர் கெட்டதும், வீடே கெட்டுவிட்டதாக எண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள். மற்றவர் பெயரில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

தந்தை தம் பெயரை மீட்பது தனி வேலை, மெதுவான வேலை. தீர்வு போட்ட அதே இடத்தில் உடனே புதுக் கடன் கேட்பதில் பயனில்லை. விவசாயம் அல்லாத கடன்களுக்குக் குறைந்தது 12 மாதம் ஆற வேண்டும் என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி வகுத்திருக்கிறது; விவசாயக் கடனுக்கு அந்தக் காலத்தை அந்தந்த வங்கியே முடிவு செய்யும். அந்த இடைவெளியில் சேமிக்கத் தொடங்குங்கள். ஒரு போகச் சாகுபடிச் செலவு கையிருப்பில் சேரும்வரை எந்தக் கடனும் வேண்டாம் என்பது என் கருத்து. தண்ணீர் தாமதமாக வந்தாலோ, அறுவடை நேரத்து மழையில் கதிர் சாய்ந்தாலோ, அந்தக் கையிருப்புதான் உங்களைத் தண்டல்காரரிடம் போகவிடாமல் நிறுத்தும்.

பிறகு ஒரு சிறு நகைக் கடன். வங்கியில் வைத்தால் அதுவும் பதிவேட்டில் ஏறும். மதிப்பெண் குறைந்தவருக்கும் கிடைக்கும். நாள் குறித்துத் திருப்புங்கள். வட்டியை மட்டும் கட்டி ஆண்டுதோறும் மாற்றி வைக்கிற பழக்கம் இங்கே ஊறிப்போயிருக்கிறது. பெயரை மீட்க நினைப்பவருக்கு அது உதவாது. மாதச் சம்பளக்காரர் என்றால், வைப்புத் தொகையின் பேரில் தரும் கிரெடிட் கார்டை வாங்கி, கொஞ்சமாகச் செலவழித்து, மாதம் தவறாமல் முழுதாகக் கட்டலாம். விவசாயி மாதத் தவணைக் கடனுக்குப் போகவே வேண்டாம். குறுவைப் பணம் ஐப்பசியை ஒட்டியும் சம்பா பணம் தை, மாசியிலும் வருகிற வீட்டில், ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி பணம் எங்கிருந்து வரும்? அறுவடையை ஒட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவணை வைக்கும்படி கேளுங்கள். கேட்டால் செய்து தருவார்கள். நாம் கேட்பதில்லை.

சிபிலை அழித்துத் தருகிறோம் என்று கைப்பேசிக்கு வரும் செய்திகளை நம்பாதீர்கள். கடன் கொடுத்தவர் அனுப்பிய தகவலை, அவர் ஒப்பாமல் வேறு யாராலும் மாற்ற முடியாது. பிழையைத் திருத்தக் கட்டணமும் இல்லை. கைப்பேசிச் செயலிகளில் ஐந்தாறு இடத்தில் ஒரே வாரம் கடன் கேட்டுப் பார்ப்பதும் ஆபத்து. ஒவ்வொரு விசாரிப்பும் அறிக்கையில் பதிவாகி, பணத்துக்கு அலைகிறவர் என்ற தோற்றத்தைத் தரும்.

இன்னொன்று. அவருடைய டிராக்டர் கடனுக்கு ஜாமீன் போட்டவர் மைத்துனர். கடன் நின்றபோது மைத்துனருடைய அறிக்கையிலும் அதே கடன் ஏறியிருந்தது. வீடு கட்டக் கடன் கேட்டு இரண்டு இடத்தில் மறுக்கப்பட்டும், காரணம் தெரியாமலே இருந்திருக்கிறார். தந்தை கிளம்பும்போது ‘நோ டியூ’ சான்றிதழுக்கும் திருத்திய அறிக்கைக்கும் இரண்டு நகல் எடுக்கச் சொன்னேன். ஒன்று உறைக்குள் போனது. மற்றொன்றைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, ஊருக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு, மைத்துனர் ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறினார்.