எல்லா ஆபத்துக்கும் ஒரே கால்சியம்: செடி எப்படிப் பிரித்தறிகிறது?

தாவர செல்லின் சைட்டோபிளாசத்தில் கட்டின்றித் திரியும் கால்சியம் அயனிகள் மிகக் குறைவு. செல் சுவர்ப் பகுதியிலும், செல்லின் நடுவே இருக்கும் வாக்குவோல் என்ற சேமிப்புப் பையிலும் அது ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். 10,000 மடங்கு என்றே வைத்துக்கொள்ளலாம். இந்த ஏற்றத்தாழ்வு தானாக அமைவதல்ல. உள்ளே நுழையும் கால்சியத்தைச் சவ்விலுள்ள பம்புப் புரதங்கள் ஆற்றலைச் செலவழித்து ஓயாமல் வெளியேற்றுகின்றன. அப்படிச் செய்யாவிட்டால் கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து படிந்துவிடும். செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியே பாஸ்பேட்டை நம்பித்தான் இருக்கிறது.

ஆக, இது முதலில் ஒரு தற்காப்பு. ஆனால் அதுவே நல்ல சமிக்ஞைக் கருவியாகவும் ஆகிவிட்டது. உள்ளே கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாததால், சவ்வில் ஒரு வாயில் சில நொடிகள் திறந்தாலே அளவு பல மடங்கு எகிறிவிடும். பொட்டாசியத்தால் இந்த வேலையைச் செய்ய முடியாது. அது செல்லுக்குள் ஏற்கெனவே கால்சியத்தைப் போல் சுமார் 10 லட்சம் மடங்கு இருக்கிறது. இன்னும் கொஞ்சம் வந்தால் யார் கவனிப்பார்கள்?

இதைக் கண்ணால் காட்டியது ஜெல்லிமீன். கால்சியம் பட்டால் ஒளிரும் ஈக்குவோரின் என்ற ஜெல்லிமீன் புரதத்தைப் புகையிலைச் செடியே தயாரிக்கும்படி எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்தார்கள். 1991இல் வெளியான அந்த ஆய்வில், செடியைத் தொட்டாலும் சட்டென்று குளிரூட்டினாலும் ஒளி எழுந்தது. பூஞ்சைத் தாக்குதலை உணர்த்தும் பொருளைக் கொடுத்தாலும் அப்படியே.

சரி, குளிருக்கும் கால்சியம், பூஞ்சைக்கும் கால்சியம் என்றால் எது வந்திருக்கிறது என்று செடிக்கு எப்படித் தெரியும்?

ஒரு விடை, ஏற்ற இறக்கத்தின் தாளம். இலைத்துளையைத் திறந்து மூடும் காப்பு செல்களில் கால்சியம் ஒருமுறை உயர்ந்து அடங்குவதில்லை, அலை அலையாக ஏறி இறங்கும். ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின், தாளம் பிறழ்ந்த ஒரு வகையில் இலைத்துளை நெடுநேரம் மூடியிருக்காது. 2001இல் வெளியான ஆய்வில் அந்தச் செல்களுக்குச் சரியான தாளத்தைச் செயற்கையாகக் கொடுத்தபோது துளை ஒழுங்காக மூடியே இருந்தது. அழகான சோதனை. ஆனாலும் தாளத்தை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிடுவது எனக்கு மிகையாகப் படுகிறது.

செய்தியைப் படிக்கும் புரதம் எது, அது எந்த செல்லில் இருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். வேரில் உப்பு ஏறும்போது உயரும் கால்சியத்தை எஸ்ஓஎஸ்3 என்ற புரதம் பிடித்துக்கொள்கிறது. அது எஸ்ஓஎஸ்2 என்ற நொதியைத் தட்டியெழுப்ப, அந்த நொதி சவ்விலுள்ள எஸ்ஓஎஸ்1ஐ முடுக்கிவிடுகிறது. எஸ்ஓஎஸ்1 சோடியத்தை வெளியே தள்ளத் தொடங்கும். இப்படிப் படிக்கும் புரதங்கள் தாவரங்களில் ஏராளம். கால்சியத்தைப் பிடிப்பதும் அடுத்த புரதத்தை முடுக்குவதும் ஒரே மூலக்கூறில் அமைந்த ஒரு வகை, அராபிடாப்சிஸில் மட்டும் 34 இருக்கிறது. விலங்குகளில் அந்த வகை கிடையாது. வேடிக்கை என்னவென்றால், மலேரியா ஒட்டுண்ணியிடம் உண்டு!

அப்புறம், செய்தி ஒரு செல்லோடு நிற்பதும் இல்லை. கம்பளிப்புழு ஓர் இலையைக் கடித்ததும் காயத்திலிருந்து குளூட்டமேட் கசிகிறது. நம் மூளையில் நரம்புச் செல்கள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் அதே பொருள்தான். அது குளூட்டமேட்டுக்குத் திறக்கும் வாயில்களைத் தூண்ட, கால்சியம் அலை குழாய்த் திசு வழியே நொடிக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒளிரும் புரதத்தின் உதவியால் 2018இல் இதைக் காணொளியாகவே எடுத்தார்கள். ஓரிரு நிமிடங்களில் அலை தொலைவிலுள்ள, கடிபடாத இலையை அடைகிறது. அங்கே ஜாஸ்மோனிக் அமிலம் என்ற தற்காப்பு ஹார்மோன் கூடித் தற்காப்பு மரபணுக்கள் விழிக்கின்றன. அந்த வாயில்களில் குறிப்பிட்ட இரண்டை நீக்கிய செடிகளில், காயம்பட்ட இலையில் கால்சியம் உயர்ந்தாலும் அலை மற்ற இலைகளுக்குப் போய்ச் சேருவதில்லை.