ஒரு டம்ளரைத் தூக்க ரோபோ படும் பாடு

1997 மே மாதம் ஐபிஎம்மின் டீப் புளூ கணினி, உலக சதுரங்க சாம்பியன் காஸ்பரோவை வீழ்த்தியது. அந்த ஆட்டங்களில் கணினியின் காய்களை நகர்த்தி வைத்தவர் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மனிதர். 2016-இல் கோ என்ற பலகை ஆட்டத்தில் கொரிய வீரர் லீ செடோலை ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல் வென்றபோதும் பலகையில் கல்லை வைத்தது மனிதக் கைதான். காய் எப்போதும் கட்டத்தின் நடுவிலேயே நிற்கும் என்றால் அதை எடுத்து வைக்கும் எந்திரக் கையை அன்றே செய்திருக்கலாம். கொஞ்சம் தள்ளி நின்றால்? பக்கத்தில் இன்னொரு காய் சாய்ந்து கிடந்தால்? ரோபோவின் கஷ்டமெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் தொழிற்சாலை ரோபோவான யூனிமேட், 1961-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தது. அச்சில் வார்த்த சூடான உலோகப் பாகங்களை எடுத்து வைப்பது அதன் வேலை. போக வேண்டிய இடங்களெல்லாம் நினைவகத்தில் வரிசையாகப் பதிந்திருக்கும். கை அந்த வரிசைப்படி போய்வரும். இன்றைக்கும் கார் ஆலைகளில் வெல்டிங் செய்யும் கைகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். சொல்லிக்கொடுத்த புள்ளிக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாமல் ஆயிரம் தடவை திரும்பி வரும். பொருள் அங்கே இல்லாவிட்டால் வெறுங்காற்றைப் பிடிக்கும்.

சுற்றிலும் பார்த்து, திட்டமிட்டு நகர்ந்த முதல் ரோபோ என்று ஷேக்கியைச் சொல்வார்கள். 1966 முதல் 1972 வரை கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் உருவானது. அதற்காக 1968-இல் வகுத்த 'ஏ ஸ்டார்' வழிதேடும் முறை கணினி விளையாட்டுகளிலும் ரோபோக்களிலும் இன்னும் புழங்குகிறது. ஆனால் ஷேக்கி உலவிய அறைகள் அதற்கென்றே ஒழுங்குபடுத்தியவை. சாதாரண அறையில் என்ன ஆகும் என்பதை ஆய்வாளர் ஹான்ஸ் மொராவெக்கின் 'ஸ்டான்ஃபோர்டு வண்டி' என்ற ரோபோ காட்டியது. 1979-இல் நாற்காலிகள் கிடந்த ஒரு அறையில் சுமார் 20 மீட்டர் கடக்க அதற்கு 5 மணி நேரம் ஆனது. ஒரு மீட்டர் நகரும், நின்று படமெடுக்கும், 10, 15 நிமிடம் கணக்குப் போடும், மறுபடி நகரும். வெயிலில் விட்டபோது, கணக்கு முடிவதற்குள் நிழல்கள் இடம் மாறிக் குழப்பின.

1986-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர் ராட்னி புரூக்ஸ் இந்த முறையைத் தலைகீழாக்கினார். முதலில் முழு வரைபடம், பிறகு திட்டம் என்று காத்திருக்க வேண்டாம். 'மோதாதே' என்ற அனிச்சை கீழடுக்கில் ஓயாமல் ஓடட்டும், 'சுற்றித் திரி', 'அங்கே போ' என்பவை அதன்மேல் அடுக்குகளாக அமையட்டும் என்றார். அவர் சேர்ந்து நிறுவிய நிறுவனத்திலிருந்து 2002-இல் வந்த ரூம்பா, வரைபடமே இல்லாமல் முட்டி முட்டித் திரும்பி வீட்டைப் பெருக்கியது.

சரி, டம்ளருக்கு வருவோம். மேசைமேல் 75 மி.மீ. அகலமுள்ள ஒரு டம்ளர். ரோபோ கையின் நுனியில் மாட்டும், பரவலாகப் புழங்கும் இருவிரல் கிரிப்பர் (பிடிப்பான்) ஒன்று 85 மி.மீ. வரை விரியும். பக்கத்துக்கு 5 மி.மீ. தான் மிச்சம். கேமரா எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று ரோபோவுக்குச் சொல்லும் காலிபரேஷனில் ஒரே ஒரு டிகிரி பிசகினாலும், 1 மீட்டர் தூரத்தில் அது 17 மி.மீ. ஆகிவிடும். விரல் டம்ளரைப் பிடிப்பதற்குப் பதில் இடித்துத் தள்ளும். கேமராவைப் பிடித்திருக்கும் ஒரு திருகு தளர்ந்தாலே போதும். நேற்றுவரை ஒழுங்காக எடுத்த ரோபோ இன்று தொடர்ந்து ஒரே பக்கமாகத் தவறவிட்டால், மென்பொருளைக் குடைவதற்கு முன் திருகைப் பார்த்துவிட்டு, சதுரக்கட்ட அட்டையை வைத்து காலிபரேஷனை மறுபடி செய்வதே புத்திசாலித்தனம்.

அடுத்து ஆழம். அகச்சிவப்பு ஒளியை வீசித் தூரம் அளக்கும் கேமராக்கள் 2010-இல் வீடியோ கேமுக்கான மைக்ரோசாஃப்டின் கினெக்ட் கேமரா வந்தபின் மலிவாகிவிட்டன. ஆனால் டம்ளர் கண்ணாடியாக இருந்தால் ஒளி ஊடுருவிப் போய்விடும். கேமரா பின்னால் இருக்கும் மேசையை அளக்கும், அல்லது அந்த இடத்தில் ஒன்றுமே காட்டாது.

பிறகு அழுத்தம். டம்ளரும் தண்ணீருமாக 300 கிராம் என்றால் எடை சுமார் 3 நியூட்டன். உராய்வுக் கெழு (பிடி எவ்வளவு வழுக்காமல் நிற்கும் என்பதைக் காட்டும் எண்) 0.5 என்று வைத்துக்கொண்டால், இரு விரல்களும் தலா 3 நியூட்டனாவது அழுத்தினால்தான் நழுவாது. ஈரத்தால் கெழு பாதியானால் தேவை இரட்டிப்பாகும். வெடுக்கென்று தூக்கினால் இன்னும் கூடும். அதனால் இரண்டு மூன்று மடங்கு வைத்துக்கொள்வார்கள். அந்த அழுத்தத்தைக் கண்ணாடி தாங்கும். காகித டம்ளர் நசுங்கும்.

இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் கணக்கெழுதி மாளாது. 2010-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒரு ரோபோ துண்டு மடித்தது. ஒழுங்காகத்தான் மடித்தது, ஆனால் ஒரு துண்டுக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஆனது. 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். அதிகபட்சம் 14 கைகளை வரிசையாக வைத்து, 8 லட்சம் தடவை பொருள்களைப் பிடிக்க விட்டார்கள். பிடி கிடைத்ததா இல்லையா என்பது மட்டுமே பாடம். நியூரல் நெட்வொர்க், அதாவது உதாரணங்களிலிருந்து தானே கற்கும் நிரல், தன் விரல்களையும் பொருளையும் படத்தில் பார்த்தபடியே கையைத் திருத்திக்கொண்டே போனது. அதனால் மேலே சொன்ன காலிபரேஷன் தலைவலியே இல்லை. மெத்தென்ற பொருள் என்றால் ஒரு விரலை நடுவில் அழுத்திக் கிள்ளி எடுக்க அது தானாகவே கற்றுக்கொண்டது. எனக்கு இந்த வரலாற்றில் பிடித்த கட்டம் இதுதான்.

2022-இல் வெளியான கூகுளின் ஆர்டி-1 என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரிக்கு (மாடல்), 13 ரோபோக்களை மனிதர்கள் 17 மாதம் இயக்கி, சுமார் 1,30,000 செயல்விளக்கங்களைச் சேர்த்தார்கள். 2023-இல் வந்த ஆர்டி-2, இணையப் படங்களிலும் எழுத்திலும் பயின்ற பெரிய மொழி மாதிரி ஒன்றையே ரோபோவின் மூளையாக்கியது. கை அசைவின் ஒவ்வொரு திசையையும் 256 படிகளாகப் பிரித்து, எந்தப் படி என்பதைச் சொற்களை எழுதுவதுபோலவே எழுதும். பயிற்சியில் பார்க்காத பொருளையும் சொன்னால் புரிந்துகொள்ளும்.

சிக்கல் வேகத்தில். ஆர்டி-2-இன் மிகப்பெரிய வடிவம் விநாடிக்கு ஒன்று முதல் மூன்று முறைதான் முடிவெடுக்கும். பிடி நழுவிய டம்ளர் 0.3 விநாடியில் 44 செ.மீ. விழுந்துவிடும். மாதிரி அடுத்த படத்தைப் பார்க்கும்போது டம்ளர் தரையை நெருங்கியிருக்கும். மோட்டார்களைக் கட்டுப்படுத்தும் சுற்று பல கைகளில் விநாடிக்கு ஆயிரம் முறை ஓடுகிறது. நழுவலை விரல்நுனி உணரி (சென்சார்) கண்டுபிடித்து, மேலிடத்தைக் கேட்காமல் அங்கேயே பிடியை இறுக்குவதுதான் ஒரே வழி. புரூக்ஸின் கீழடுக்கு மறுபடி தேவைப்படுகிறது, இம்முறை ரப்பர் விரலுக்குள்.