சீம்பாலோடு வரும் புழு

எருமைக் கன்று பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். புல்லைச் சரியாகக் கடிக்கக்கூடப் பழகியிருக்காது. ஆனால் வயிறு பானைபோல் உப்பி, ரோமம் பொலிவிழந்து, களிமண் நிறத்தில் கழிந்துகொண்டிருக்கும். அருகில் போனால் நாற்றம் குமட்டும். பூச்சி மருந்து உள்ளே போனதும் கழிச்சலோடு வெளிறிய உருண்டைப் புழுக்கள் சுருள் சுருளாக விழும். நன்கு வளர்ந்தவை 30 செ.மீ. நீளம்கூட இருக்கும். பாலைத் தவிர வேறொன்றும் அறியாத கன்றுக்கு இவை எங்கிருந்து வந்தன?

அந்தப் பாலிலிருந்துதான்.

இந்தப் புழுவின் பெயர் டாக்ஸோகாரா விட்டுலோரம். மேய்ச்சலிலோ தொழுவத்திலோ இதன் முட்டையைப் பெரிய மாடு விழுங்கினால், பொரிந்து வரும் இளம்புழு குடலில் தங்குவதில்லை. குடற்சுவரைத் துளைத்து ஈரல், நுரையீரல், தசை என்று போய் ஒடுங்கிக்கொள்கிறது. அங்கே அது வளர்வதில்லை, முட்டையிடுவதும் இல்லை. அதனால்தான் தாயின் சாணத்தைச் சோதித்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. மாடு சினையாகி ஈனும் நாள் நெருங்கும்போது அது விழித்து மடிக்கு நகர்கிறது. ஈன்ற முதல் வாரப் பாலில்தான் அதிகமாக இறங்குகிறது. கன்றின் சிறுகுடலை அடைந்ததும் வேறெங்கும் அலையாமல் அங்கேயே வளர்ந்து, மூன்று நான்கு வாரங்களில் முட்டையிடத் தொடங்கிவிடும். தடித்த ஓடுள்ள அந்த முட்டைகள் ஈர மண்ணில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

இதைக் கேட்டதும் சிலர் சீம்பாலையே நிறுத்திவிடுகிறார்கள். இதைவிட மோசமான வைத்தியம் இல்லை. மாட்டின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் பொருள்கள் கன்றுக்குப் போவதில்லை. பிறந்த சில மணி நேரத்துக்குள் குடிக்கும் சீம்பால்தான் அதற்கு ஒரே வழி. புழுவை மருந்தால் வெளியேற்றிவிடலாம், தவறவிட்ட சீம்பாலை ஈடுகட்ட முடியாது.

மருந்துக்கும் காலக்கணக்கு உண்டு. பிறந்த மறுநாளே கொடுத்தால், அதன்பின் பாலில் வருபவை தப்பிவிடும். மூன்றாம் மாதம் வரை காத்திருந்தால் கன்று மெலிந்து, சில நேரம் புழுக்கள் குடலை அடைத்துச் செத்தும் போகும். தொழுவமெங்கும் முட்டையும் பரவிவிடும். 10 முதல் 16 நாளுக்குள் ஒரு வேளை கொடுத்தால், வந்து சேர்ந்த புழுக்கள் முட்டையிடும் வயதை எட்டுமுன்பே ஒழிகின்றன. எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கன்றின் எடையைப் பார்த்துக் கால்நடை மருத்துவர் சொல்வார்.

நான்கைந்து மாதம் ஆனால் கன்றே புழுக்களைத் தள்ளிவிடும் என்பது உண்மைதான். அதற்குள் அது போட்ட சாணத்திலிருந்து முட்டைகள் தொழுவத்து மண்ணில் கலந்திருக்கும். அவற்றை விழுங்கும் கிடாரியின் தசைகளில் இளம்புழுக்கள், அதன் முதல் ஈற்றுக்காக ஒடுங்கிக் கிடக்கும்.