போன்ல கேக்கறது உங்க பையன் குரலே கிடையாது

கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில (படுகர் கிராமம்) இருந்து ஒரு அம்மா எழுதியிருந்தாங்க. காலைல கொழுந்து பறிக்கப் போயிருக்காங்க, தோட்டம் முழுக்க பனிமூட்டம், ஏதோ புது நம்பர்ல இருந்து கால். எடுத்தா பெங்களூர்ல வேலை பாக்கற பையன் அழறான். பைக்ல ஒருத்தர இடிச்சிட்டேன்மா, என் போன் உடைஞ்சிடுச்சு, ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருக்காங்க, அப்பாகிட்ட சொல்லாத, உடனே 38,000 அனுப்பு. ஃபேக்டரிக்கு இலை போட்டு சேத்து வெச்ச காசு, அப்படியே யுபிஐல அனுப்பிட்டாங்க. சாயங்காலம் பையன் எப்பவும் போல கூப்பிட்டு சாப்டியாம்மான்னு கேட்டப்போதான் விஷயமே தெரிஞ்சிருக்கு. அவங்க கேட்டது ஒரே கேள்வி. "பெத்தவ எனக்கு என் பையன் குரல் தெரியாதா சார்? அது அவன் குரலேதான். எப்படி?"

இந்தக் கேள்விக்கு ஏஐ வந்துடுச்சும்மான்னு ஒரு வரியில பதில் சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல, ஏன்னா இதுக்குள்ள ரொம்ப அழகான ஒரு விஷயம் இருக்கு, அது புரிஞ்சா காசை எப்படிக் காப்பாத்தணும்னும் தானா புரிஞ்சிடும்.

நாதஸ்வரத்துல இருந்து ஆரம்பிக்கறேன். சீவாளிய மட்டும் தனியா எடுத்து வாயில வெச்சு ஊதினா பீப்பீன்னு ஒரு சத்தம் வரும், அதுல ராகமும் இல்ல கம்பீரமும் இல்ல. அதையே குழல்ல சொருகி ஊதினா கல்யாண மண்டபமே நிறையுது. நம்ம தொண்டையும் இதேதான். குரல்நாண் சீவாளி மாதிரி, ஆம்பளைங்களுக்கு ஒரு செகண்டுக்கு சுமார் 120 தடவை அதிரும், பொம்பளைங்களுக்கு 200 பக்கம். அதுக்கு மேல தொண்டையில இருந்து உதடு வரைக்கும் ஏறக்குறைய 17 செ.மீ. நீளத்துக்கு காத்து இருக்கற பாதைதான் குழல். நாக்கும் தாடையும் அந்தக் குழலோட வடிவத்த மாத்த மாத்த அ, இ, உ எல்லாம் வருது. ஆளுக்கு ஆள் குழலோட அளவு வேற, அதனால ஆளுக்கு ஆள் குரல் வேற.

இப்ப நான் ரொம்ப ரசிக்கற இடத்துக்கு வரேன். உங்க செல்போன் உங்க குரல அனுப்பறதே இல்ல. சத்தியமா இல்ல. ஒரு செகண்டுக்கு 50 தடவை, அதாவது 20 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை, உங்க குரல வெட்டி எடுத்து, இந்த நொடியில குழல் என்ன வடிவத்துல இருக்குன்னு ஒரு பத்து எண்ணா எழுதுது. சீவாளி சத்தத்துக்கு அது கைவசம் ஒரு பட்டியல் மாதிரி வெச்சிருக்கு, அதுல இருந்து ஒவ்வொண்ணா எடுத்து அந்தக் குழல்ல ஊதிப் பாத்து, உங்க நிஜக் குரலுக்கு எது ரொம்ப நெருக்கமா வருதுன்னு தேடி, அதோட நம்பர மட்டும் அனுப்புது. அந்தப் பக்கம் இருக்கற போன் இந்த எண்களப் படிச்சு, தானே ஒரு குழல் செஞ்சு, தானே ஊதிக் காட்டுது. நீங்க காதுல வெச்சுக் கேக்கறது உங்க போன் வாசிக்கற வாசிப்பு! இந்த முறைய 1985ல எழுதினவங்கள்ல ஒருத்தர் பிஷ்ணு அடல், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல படிச்சு அமெரிக்காவுல பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனவர். அன்னைக்கு ஒரு செகண்டு பேச்ச இப்படி மாத்த அந்தக் காலத்து சூப்பர் கம்ப்யூட்டருக்கே 2 நிமிஷத்துக்கு மேல ஆச்சு, இன்னைக்கு தேயிலைத் தோட்டத்துல சுருக்குப் பையில கிடக்கற போன் பேசப் பேசவே செய்யுது.

இன்னொண்ணும் இருக்கு. சாதாரண போன் லைன் 300ல இருந்து 3,400 ஹெர்ட்ஸ் (ஒரு செகண்டுக்கு அத்தனை அதிர்வு) வரைக்கும்தான் கடத்தும். குரல்நாண் அதிரும்போது அதோட மடங்குகளும் சேந்தே வரும். உங்க பையன் குரல்நாண் 120ல அதிருதுன்னா அந்த 120 உங்க காதுக்கு வரவே வராது, அடுத்த மடங்கு 240ம் வராது, 360, 480, 600ன்னு மேல இருக்கற மடங்குகள்தான் வரும். ஆனா நம்ம மூளை அதுக்கு நடுவுல இருக்கற இடைவெளி 120ன்னு பாத்து, வராத அந்த 120அ தானே போட்டுக் கேட்டுக்குது. இப்ப வர்ற புது நெட்வொர்க்ல 50ல இருந்து 7,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், ஆனா நம்ம மலையில வளைவுக்கு வளைவு சிக்னல் விழற கதை உங்களுக்கே தெரியும்.

ஏஐ பண்றது இதுல இருந்து ஒரு படி மேல, அவ்ளோதான். முதல்ல ஆயிரக்கணக்கான மணி நேரம் பல பேர் பேச்ச கேட்டு, மனுஷக் குரல்னா எப்படியெல்லாம் மாறும்னு பழகிடுது. அப்புறம் ஒரு புது ஆள் குரல் கொஞ்சம் கிடைச்சா போதும், அவர் எப்படிப் பேசுவார்ங்கறத எண்களா எடுத்துக்கிட்டு எந்த வாக்கியத்தையும் அவர் மாதிரி சொல்லும். 2023 ஜனவரியில மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் காட்டின ஒரு மாடல், 60,000 மணி நேர ஆங்கிலப் பேச்சுல பழகினது, அதுக்கு 3 செகண்டு போதும்னாங்க. பையன் போட்ட ரீல்ஸ்ல அதவிட நிறையவே கிடைக்கும். அதுலயும் அழற குரல்னா பிசிறு தட்டினாலும் யாருக்கும் தெரியாது. போன் லைன் வேற மேல கீழ வெட்டிடுது, நகல்ல தப்பு எங்கெங்க தெரியுமோ அந்தப் பகுதியும் அதோட போயிடுது. அதனால அம்மா, உங்க காது மேல குத்தமே இல்ல.

ஆனா அவங்க கடிதத்துல கடைசியா போற போக்குல ஒண்ணு எழுதியிருந்தாங்க. வீட்ல எப்பவும் அவங்க தாய்மொழியான படுகுலதான் பேசுவாங்களாம், அன்னைக்கு பையன் முழுக்க தமிழ்ல பேசியிருக்கான். பக்கத்துல போலீஸ் இருக்கு, அதான் தமிழ்ல பேசறான்னு இவங்களே நினைச்சுக்கிட்டாங்க. யாரும் அப்படிச் சொல்லல! வராத 120அ காது போட்டுக்கிட்ட மாதிரியே, இல்லாத காரணத்த மனசு போட்டுக்கிச்சு. இத படிச்சிட்டு நான் ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

குரல் எப்படிங்கறத திருடலாம், வீட்டுக்குள்ள இருக்கற விஷயத்த திருட முடியாது. அதனால ஒரு கேள்வி பேசி வெச்சுக்கோங்க, போட்டோவுலயும் ஸ்டேட்டஸ்லயும் இல்லாத விஷயமா. அதவிட முக்கியம், கால கட் பண்ணிட்டு பையனோட பழைய நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்க. உள்ள வர்ற கால்ல காட்டற நம்பர்ல கூட பொய் சொல்ல முடியும், ஆனா நீங்க கூப்பிடும்போது நெட்வொர்க் தன்னோட பதிவேட்டுல அந்த சிம் இப்ப எந்தப் பகுதியில இருக்குன்னு பாத்து அங்கதான் அனுப்பும், ஏமாத்தறவன் நடுவுல வர்றது ரொம்பக் கஷ்டம். போன் உடைஞ்சிடுச்சுன்னு அவன் முதல்லயே சொல்றது இதுக்காகத்தான், நீங்க திருப்பிக் கூப்பிடக் கூடாதுன்னு. வீடியோல முகம் தெரியுதேன்னும் நம்பாதீங்க, 2024ல ஹாங்காங்ல ஒரு கம்பெனி ஊழியர் வீடியோ மீட்டிங்ல வந்த போலி முகங்கள நம்பி சுமார் 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பிட்டார்.

எனக்கு கோபம் வந்த இடம் வேற. விஷயம் தெரிஞ்ச உடனே பக்கத்துல ஒருத்தர், இது யாரோ வெச்ச செய்வினை, மை போட்டுப் பாத்தா காசு எங்கன்னு தெரிஞ்சிடும்னு கூட்டிட்டுப் போயிருக்கார். அடுத்த நாள் மத்தியானம் ஆயிடுச்சு. இந்தப் பணம் ஒரு அக்கவுண்ட்ல நிக்காதுங்க, ஒண்ணுல இருந்து அஞ்சு, அஞ்சுல இருந்து இருபதுன்னு நிமிஷத்துல பிரிஞ்சு ஏடிஎம்ல எடுத்துடுவாங்க. சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு உடனே கூப்பிட்டா, போற வழியில எந்த பேங்க்ல நிக்குதோ அங்க முடக்கச் சொல்ல முடியும், நேரம் போகப் போக முடக்க ஒண்ணும் மிஞ்சாது. மை பாத்த நேரம்தான் அந்த அம்மாவோட காச முழுசா கொண்டுபோச்சுன்னு நான் நினைக்கறேன். சாமி கும்பிடுங்க, வேண்டாங்கல, முதல்ல 1930.

ஆராய்ச்சிக்கு காசு ஒதுக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். போலிக் குரலக் கண்டுபிடிக்க 2015ல இருந்து உலக அளவுல போட்டியே நடத்தறாங்க, ஆனா அதுல பெரும்பாலும் ஆங்கிலம்தான். தமிழ்லயும் படுகுலயும், அதுவும் சிக்னல் விழற போன் லைன்ல வர்ற குரல்ல சோதிச்சுப் பாக்க நம்ம ஊர் ஆய்வகங்களுக்குத்தான் அக்கறை இருக்க முடியும். ஒலியியல் படிக்கற பசங்களுக்கு நாலு ஸ்காலர்ஷிப் கூட்டிக் குடுத்தா என்ன?

அந்த அம்மா போன வாரம் மறுபடி எழுதினாங்க. பையனும் அவங்களும் படுகுல ஒரு கேள்வி வெச்சிருக்காங்களாம். ஞாயித்துக்கிழமை சும்மா கேட்டுப் பாத்திருக்காங்க, அவன் பதில மறந்துட்டு முழிச்சிருக்கான், இவங்க ஒரு வார்த்தை பேசாம கட் பண்ணிட்டு அவன் பழைய நம்பருக்கு தானே கூப்பிட்டிருக்காங்க.