பாடுபவர் ஒருவர், கருத்து சொல்பவர்கள் ஐந்து பேர்

ஆடியில் வீராம்பட்டினம் தேர், மாசியில் தேவனாம்பட்டினம் தீர்த்தவாரி என்று திருவிழா நெருங்கினால் புதுச்சேரி, கடலூர் ஸ்டுடியோக்களில் அம்மன் பாட்டு ரெக்கார்டிங் களைகட்டும். கண்ணாடி போட்ட பாடும் அறையான பூத்துக்குள் பாடுபவர் ஒருவர். வெளியே சோபாவில் ஊர்க்காரர்கள் ஐந்து பேர். "வாய்ஸ் கேக்கல சார்", "எக்கோ போடுங்க", "உபயதாரர் பேரு ஒண்ணு விட்டுப்போச்சு". பணம் போட்டவர்கள் பேசத்தான் செய்வார்கள். அந்தப் பேச்சு பாடுபவரின் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது இன்ஜினியரின் பொறுப்பு.

முதலில் ஹெட்போன் லைன். பாடுபவருக்குத் தனியாகப் பிரிந்து போகும் ஒலியை, அதாவது செண்டை, ப்ரீ-ஃபேடரில் வையுங்கள்; ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடருக்கு முன்பே அது பிரிந்துவிடும். ஃபேடருக்குப் பிறகு பிரியும் போஸ்ட்-ஃபேடரில் இருந்தால், சோபாக்காரர் கேட்டாரே என்று வாய்ஸ் ஃபேடரை நீங்கள் ஏற்றும்போது பூத்துக்குள்ளும் குரல் ஏறிவிடும். தன் குரலே காதில் அடித்தால் பாடுபவர் தன்னையறியாமல் அடக்கிப் பாடுவார். மேல் ஸ்தாயியில் சுருதி இறங்கும். உடனே பின்னாலிருந்து, "சுருதி சேரலையே!" கெடுத்தது அவர்கள் கேட்ட மாற்றம்தான், திட்டு வாங்குவது பாடகர். எக்கோ கேட்டால் தாராளமாகப் போடுங்கள், காதில் கேட்கும் மானிட்டர் ஒலியில் மட்டும். ட்ராக்கில் குரல் வெறுமனே பதிவாகட்டும்.

வெளியிலிருந்து பூத்துக்குள் பேச உதவும் டாக்பேக் பட்டன் உங்கள் விரலுக்கு மட்டும். ஐந்து பேரில் முடிவு சொல்பவர் யார் என்று மைக் ஆன் ஆகும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தில் அடித்த பாட்டு வரிகளையும் ஒரு பேனாவையும் அவர் கையில் கொடுங்கள். பிடிக்காத இடத்தில் கோடு போடட்டும், டேக் முடிந்ததும் பேசட்டும். திரும்பக் கேட்கும்போது பல கோடுகளை வேண்டாமென்று அவரே அடித்துவிடுவார். உபயதாரர் பெயர்களையும் அதே தாளில் இனிஷியலோடு எழுதி வாங்குங்கள். பாடகர் கிளம்பிய பிறகு வரும் பெயரை இன்னொரு நாள் பாடி ஒட்டினால், மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் நான்கு விரல் மாறினாலே ஒட்டு தெரியும்.

சோபா கண்ணாடிக்கு நேராக இருக்க வேண்டாம். வெளியே ஒரு தலை "இல்லை" என்று ஆடினால் உள்ளே பல்லவி தடுமாறும்.

எந்தச் சுருதியில் பாடுவது என்ற கட்டையை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். ஒலியாக இல்லாமல் சுரக் குறிப்பாகப் பதிவான கீபோர்டு மிடியை அரைக் கட்டை ஏற்றுவது நொடி வேலை. ஆடியோவாகப் பதிவான நாதஸ்வரத்தை ஏற்றினால் அதன் குணமே மாறிப்போகும்.

சமாதானத்துக்கு எதோடும் சேராத ஃபேடரைத் தள்ளிக் காட்டி "இப்ப எப்படி?" என்று கேட்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. வேண்டாம், ஒருமுறை குட்டு உடைந்தால் நீங்கள் சொல்லும் நிஜத்தையும் நம்ப மாட்டார்கள். மாற்றத்துக்கு முன்பும் பின்பும் சத்தத்தைச் சமமாக வைத்துப் போட்டுக் காட்டுங்கள். 1 டெசிபல் கூடினாலே அதுதான் நன்றாக இருப்பதாகக் காது சொல்லும்.

எல்லா ட்ராக்கையும் சேர்த்த மிக்ஸை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள். "பேஸ் இல்லை" என்று பதில் வந்தால், எதில் கேட்டார் என்பதே முதல் கேள்வி. தவிலின் கனத்த பக்கமான தொப்பியின் சத்தம் போன் ஸ்பீக்கரில் வராது. ஆட்டோவிலோ காரிலோ ஒருமுறை போட்டுக் கேட்டுவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.