மரத்தடியில் முளைத்த கன்று வேண்டாம்: செம்பனை வாரியத்திடம் சிறுதோட்டக்காரர் கேட்டுப் பெற வேண்டியவை

சிலாங்கூரில் உள்ள எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தைக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி எத்தனையோ வருடமாகிவிட்டது. எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். இங்கே நாலைந்து ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வாரியம் வாரியம் என்கிறார்களே, அதனால் நமக்கு என்ன?"

மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் 2000ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கியது. அதுவரை தனித்தனியாக இருந்த ஆராய்ச்சிக் கழகத்தையும் லைசென்ஸ் ஆணையத்தையும் ஒன்றாக்கினார்கள். ஆலைகள் பிழியும் ஒவ்வொரு டன் கச்சா எண்ணெய்க்கும் 'செஸ்' என்ற வரி கட்ட வேண்டும். ஆராய்ச்சிக்கு அந்தப் பணம் போகிறது, அரசு மானியமும் சேர்கிறது. செஸ் கட்டுவது ஆலைதான், ஆனால் நம் குலை விலையிலும் அது எங்கோ ஒளிந்திருக்கும் என்பது என் கணிப்பு. அதனால் வாரியத்தின் உதவியைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம்.

முக்கியமானது கன்று. செம்பனையில் மூன்று வகை: பழத்துக்குள் கொட்டையின் ஓடு தடித்த டூரா, ஓடே இல்லாத பிசிபெரா, இரண்டையும் கலந்தால் வரும் மெல்லிய ஓட்டுத் தெனேரா. தெனேராவில் சதை அதிகம், அதனால் டூராவைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு கூடுதல் எண்ணெய். ஓடு எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் மரபணுவை வாரிய ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்க நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து 2013இல் கண்டுபிடித்தார்கள். முன்பு மரம் காய்த்த பிறகுதான் வகை தெரியும். இப்போது நாற்றங்காலிலேயே இலையைச் சோதித்துச் சொல்லிவிடலாம்.

சரி, காசு மிச்சம் என்று தெனேரா மரத்தடியில் முளைத்ததைப் பிடுங்கி நட்டால்? கணக்குப்படி நாலில் ஒன்று டூரா, நாலில் ஒன்று பிசிபெரா. பிசிபெரா பெரும்பாலும் குலையே தராது. உரம் மட்டும் தின்னும். இது தெரிய மூன்று வருடம் ஆகும், மரமோ 25 வருடம் நிற்கும். கன்று வாங்கினால் லைசென்ஸ் உள்ள நெர்சரியில்தான் வாங்க வேண்டும். டூரா-பிசிபெரா கலப்பு என்று எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

 

கன்றுக்கு அடுத்தது அறுவடை. குலை பழுக்க ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். இலை செய்யும் சர்க்கரை, சதையில் எண்ணெயாக மாறுவது பெரும்பாலும் கடைசி வாரங்களில். காயாக வெட்டினால் அந்த எண்ணெய் போச்சு. பழம் அடிபட்டாலோ உள்ளேயே இருக்கும் நொதி எண்ணெயை உடைக்கும், அமிலம் ஏறும். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு அனுப்பச் சொல்வது இதனால்தான்.

40.46 ஹெக்டேருக்குக் குறைவாக வைத்திருப்பவர் சிறுதோட்டக்காரர். குலை விற்க வாரிய லைசென்ஸ் கட்டாயம், வாங்கும் வியாபாரிக்கும் கட்டாயம். சந்தேகம் இருந்தால் வாரியத்தின் 'துனாஸ்' அதிகாரியைக் கூப்பிடுங்கள். மலாயில் துனாஸ் என்றால் முளை. சிறுதோட்டக்காரருக்கு ஆலோசனை சொல்வதுதான் அவர் வேலை. பழைய மரத்தை வெட்டி மறுநடவு செய்யப் போகிறவர்கள், கன்றுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே அவரிடம் பேசிவிடுங்கள்.