காம்பாட் சட்டைக்கு ஏன் கஞ்சி போடக் கூடாது?

ராணுவத்தில் சேர்ந்த மகன் முதல் விடுப்பில் வந்திருக்கிறான். அவனுடைய காம்பாட் சட்டையை, அதாவது களத்தில் போடும் புள்ளிச் சட்டையைத் துவைத்து, சோறு வடித்த கஞ்சியில் முக்கி, கை மடிப்பு கத்தி மாதிரி நிற்கும்படி இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார் அம்மா. அவனோ, "இதுக்கெல்லாம் கஞ்சி போடக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி பக்கெட்டில் ஊறப்போட்டுவிட்டானாம். மிடுக்காக இருக்கட்டும் என்றுதானே செய்தேன், அதில் என்ன தப்பு என்று அந்த அம்மா எழுதிக் கேட்டிருக்கிறார்.

அணிவகுப்பு உடை என்றால் அவர் செய்ததுதான் சரி. நான் என்.சி.சி.யில் இருந்த காலத்தில் காக்கி உடுப்புக்கு எங்கள் வீட்டிலும் கஞ்சிதான், மொடமொடவென்று இருந்தால்தான் மதிப்பு. ஆனால் களத்தில் போடும் புள்ளிச் சட்டையின் வேலையே வேறு. அது கண்ணில் படாமல் இருப்பதற்காக நெய்த துணி.

பச்சையும் பழுப்பும் திட்டுத் திட்டாக இருந்தால் ஆள் உருவம் உடைந்து செடியோடு கலந்துவிடும், இது எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாத பாதி, நம் கண் பார்க்காத ஒளியில் இருக்கிறது. நாம் பார்ப்பது அலைநீளம் சுமார் 400-இலிருந்து 700 நானோமீட்டர் வரை உள்ள ஒளியை. இரவில் பயன்படுத்தும் நைட் விஷன் கருவிகள் அதையும் தாண்டி, அகச்சிவப்பில் 900 வரை பார்க்கும். அந்த ஒளியில் இலை பச்சையாக இருக்காது, வெள்ளையாக ஜொலிக்கும். பச்சை ஒளியில் பத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும் இலை, 700-ஐத் தாண்டியதும் கிட்டத்தட்டப் பாதியைத் திருப்பி அனுப்புகிறது. ராபர்ட் உட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1910-இல் வெளியிட்ட அகச்சிவப்புப் படங்களில் மரங்கள் பனி மூடியது போல நின்றன. இரண்டாம் உலகப் போரின்போது கோடாக் நிறுவனம் இதை வைத்தே ஒரு பிலிம் செய்தது. உயிருள்ள தழை அதில் சிவப்பாக விழும், பச்சைப் பெயின்ட் அடித்து மறைத்த பொருள் அப்படி விழாது, மேலே பறக்கும் விமானத்திடம் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் இன்றைய காம்பாட் துணியின் சாயங்களை அகச்சிவப்பிலும் இலை, மண், மரப்பட்டையோடு ஒத்துப்போகிற மாதிரி தேர்ந்தெடுக்கிறார்கள்.

சரி, இலை ஏன் அப்படி ஜொலிக்கிறது? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கும், 700-க்கு மேலே உள்ளதைத் தொடாது. தொடாத ஒளி இலையைத் துளைத்துக்கொண்டு நேராக வெளியே போகவேண்டியதுதானே? போவதில்லை, ஏனென்றால் இலைக்குள் காற்று இருக்கிறது. மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே செல்கள் பஞ்சு மாதிரி, இடைவெளி விட்டு அடுக்கியிருக்கின்றன. நீர் நிறைந்த செல்லிலிருந்து காற்றுக்கு, காற்றிலிருந்து அடுத்த செல்லுக்கு என்று ஒவ்வொரு எல்லையிலும் ஒளி கொஞ்சம் திரும்புகிறது, கொஞ்சம் வளைகிறது, இப்படிப் பல முறை முட்டி மோதியதில் பாதி வந்த வழியே வெளியே வந்துவிடுகிறது. இதை உங்கள் அடுப்பிலேயே பார்க்கலாம். கீரையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டதும் சில நொடிகளில் துவண்டு, வெளுப்பு போய், கரும்பச்சையாகக் கொஞ்சம் ஊடுருவிப் பார்க்கிற மாதிரி ஆகிறதே, அப்போது செல்களுக்கு நடுவே இருந்த காற்று வெளியேறி அங்கே தண்ணீர் புகுந்திருக்கிறது. பச்சையம் அங்கேதான் இருக்கிறது. போனது காற்று.

இப்போது சட்டைக்கு வாருங்கள். துணியும் பஞ்சுதான், இழைக்கும் இழைக்கும் நடுவே காற்று. ஒளி அதே மாதிரி முட்டி மோதி எல்லாத் திசையிலும் சிதறுவதால்தான் பருத்தித் துணி பளபளக்காமல் மங்கலாக இருக்கிறது. நனைந்த சட்டை ஏன் கருத்துத் தெரிகிறது என்றால், காற்று இருந்த இடத்தில் தண்ணீர். கஞ்சி செய்வதும் இதையேதான், ஆனால் காய்ந்த பிறகும் போகாமல் தங்கிவிடுகிறது. கஞ்சியின் மாவுச்சத்தும் பருத்தியின் செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிகள்தான், ஒளியை வளைப்பதிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆகவே இடைவெளியைக் கஞ்சி அடைத்த இடத்தில் ஒளிக்கு எல்லை என்று ஒன்று தெரியவே தெரியாது. அதன்மேல் சூடான பெட்டியை அழுத்தினால் கஞ்சிப் படலம் கண்ணாடி போல வழவழப்பாகி, சிதறவேண்டிய ஒளி ஒரே பக்கம் பாய்கிறது. நிலவொளியோ எதிரியின் அகச்சிவப்பு விளக்கோ பட்டால் தோளும் முழங்கையும் மினுங்கும். வியர்வை ஆவியாகப் போகிற வழியும் அதே இடைவெளிதான், அதுவும் அடைபடும். அமெரிக்க ராணுவம் 2004-இல் ஏ.சி.யூ. என்ற களச் சீருடையை அறிமுகப்படுத்தியபோது அதற்கு ஸ்டார்ச் கூடவே கூடாது என்று விதியே போட்டது, அதற்கு முந்தைய சீருடையைத் தலைமுறை தலைமுறையாகக் கஞ்சி போட்டு நிமிர்த்தி வந்த வீரர்கள் அவர்கள்.

இஸ்திரி மட்டும் போடலாமா? நம் ராணுவம் 2022 ஜனவரி 15, ராணுவ தினத்தன்று காட்டிய புதிய டிஜிட்டல் புள்ளிச் சட்டையில் பருத்தி 70, பாலியஸ்டர் 30 என்ற கலவை. பருத்திக்கு வைக்கிற சூடு 200 டிகிரி செல்சியஸ் பக்கம். பாலியஸ்டர் உருக 250-ஐத் தாண்ட வேண்டும், ஆனால் அதற்கு வெகு முன்பே இளகி, உருண்டையாக இருந்த இழை பெட்டியின் எடையில் தட்டையாகிவிடும். பழைய டெரிகாட்டன் பேன்ட்டில் மடிப்பு ஓரம் மினுமினுக்கும் பாருங்கள், அந்த மினுக்கு எத்தனை துவைத்தாலும் போகாது. போட்டே ஆகவேண்டும் என்றால் சட்டையை உள்புறம் வெளியே திருப்பி, லேசான ஈரத்தோடு, குறைந்த சூட்டில், அழுத்தாமல்.

கஞ்சியைவிட எனக்குக் கவலை தருவது சோப்புத்தூள். துணி வெள்ளை வெளேரென்று தெரிவதற்காக அதில் சேர்க்கும் ஆப்டிகல் பிரைட்டனர் அழுக்கை எடுப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை விழுங்கி நீல ஒளியாக உமிழ்கிறது. கடையில் கள்ளநோட்டு பார்க்கிற ஊதா விளக்கின் கீழே வேட்டி நுனியைக் காட்டினால் நிலா மாதிரி எரியும், நல்ல நோட்டின் தாளில் பிரைட்டனர் கிடையாது என்பதால் அது மங்கலாகவே கிடக்கும். இந்த மூலக்கூறு சாயம் போலப் பருத்தியில் ஒட்டிக்கொள்ளும்படியே செய்யப்பட்டது, எனவே அலசினால் போகாது, ஒவ்வொரு துவைப்பிலும் கூடும். காட்டில் எந்த இலையும் இவ்வளவு பளிச்சென்று நீலம் உமிழ்வதில்லை. இதனால் நைட் விஷனில் ஆள் பளிச்சென்று தெரிவான் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். பிரைட்டனர் உமிழ்வது நீல ஒளி, அகச்சிவப்பு அல்ல. அது காட்டிக்கொடுப்பது புற ஊதாவைப் பார்க்கும் கருவியிடமும், பகல் வெளிச்சத்தில் வெறும் கண்ணிடமும்தான்.

இவ்வளவு இயற்பியல் ஒரு சட்டைக்குள் இருக்க, துணி ஆராய்ச்சி என்றால் ஃபேஷன் என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஆவடியில் ராணுவத்துக்கு உடை தைக்கும் தொழிற்சாலை இருக்கிறது, கோவையில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, திருப்பூரில் சாயம் தெரிந்த கைகள் இருக்கின்றன. இழை, சாயம், ஒளி மூன்றையும் சேர்த்துப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு ராக்கெட் படிக்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் அதே மரியாதையையும் பணத்தையும் கொடுக்க வேண்டும்.

அந்த அம்மாவுக்கு: உங்கள் மகன் ஊறப்போட்டது சரிதான், கவலைப்படாதீர்கள். சோற்றுக் கஞ்சி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறிக் கழன்றுவிடும், இரண்டு மூன்று முறை அலசினால் போதும். இனி துவைக்கும்போது உள்புறம் வெளியே திருப்புங்கள், பிரைட்டனர் இல்லாத சோப்பாகப் பார்த்து வாங்குங்கள், நீலமும் பிளீச்சும் வேண்டாம், பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம். முறுக்கிப் பிழியாமல் ஈரத்தோடு ஹேங்கரில் மாட்டி, காலரையும் பாக்கெட் மூடிகளையும் கையால் நீவிவிட்டு, நிழலில் காயவிடுங்கள். ஈரத்தில் இளகியிருக்கும் பருத்தி, நீவிய வடிவிலேயே காயும்.